யூனிட் விலைக் கணக்கில் வராத வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நடுப்பக்கத்தில் வந்த மின்துறைக் கட்டுரையைப் படித்தேன். விநியோக நிறுவனங்கள் தங்கள் பகுதியில் உள்ள பழைய, சிறிய மின்நிலையங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே மின்சாரத்தை வாங்கி, உயர் அழுத்தத் தடம் வழியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது அதன் சாரம். எழுதியவர் கணக்குத் தெரிந்தவர். அட்டவணையில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு மின்நிலையம் செய்கிற வேலையில் பாதி அந்த அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. முதலில் நீர்மின் நிலையத்திலும், பிறகு எந்த நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் மையத்திலும் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொலைவிலிருந்து மின்சாரம் வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தொடங்கிய நிலையம் நேர்மின்சாரம் தந்தது. அதைச் சுற்றிச் சுமார் ஒரு மைல் தூரத்துக்கு மேல் அந்த மின்சாரம் போகாது. அப்படியே இருந்திருந்தால் தெருவுக்குத் தெரு ஒரு புகைபோக்கி நின்றிருக்கும். மாறுமின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்த பிறகுதான் அருவி ஓரிடத்திலும் ஆலை வேறிடத்திலும் இருக்க முடிந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்க வயலுக்குச் சுமார் 150 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் போனது, அந்நாளில் உலகமே திரும்பிப் பார்த்த சங்கதி. சிகாகோவில் சாமுவேல் இன்சல் என்ற கெட்டிக்காரர் இன்னொன்றையும் கண்டுகொண்டார். டிராம் ஓடும் நேரமும் வீட்டு விளக்கு எரியும் நேரமும் வேறுவேறு, அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே பெரிய நிலையம் வைத்தால் செலவு குறையும் என்பதுதான் அது. இன்றைய மின் நிறுவனங்களின் அடிப்படையே அந்தக் கணக்குதான். அவருடைய சொந்த சாம்ராஜ்யம் 1932இல் கடனில் மூழ்கியது வேறு கதை.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மின்வாரியங்கள் வந்தன. பிறகு வடக்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு, தெற்கு என ஐந்து மண்டலத் தொகுப்புகள் (நிலையங்களையும் தடங்களையும் ஒன்றாகப் பின்னிய வலைகள்) உருவாகி, அவை ஒவ்வொன்றாக இணைந்தன. கடைசியாக 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் மூலம் தென்மண்டலமும் சேர்ந்துகொண்டது. இணைந்தது நல்லதுதான். இணைப்பு இருக்கிறதே, இனி உள்ளூரில் எதற்கு ஜெனரேட்டர் மெஷின் என்று கேட்பதில்தான் எனக்குச் சண்டை.

மின்தொகுப்பில் இரண்டு நாடிகள் உண்டு. ஒன்று ஃப்ரீக்வென்சி, அதாவது மாறுமின்சாரம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற கணக்கு. இது தொகுப்பு முழுவதற்கும் ஒன்றுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெரிய மெஷின் டிரிப் ஆகி நின்றாலும் உங்கள் ஊர் நிலையத்தில் முள் அசையும். எங்கோ இருக்கும் இன்னொரு மெஷின் கூடுதலாக உழைத்து அதைச் சரிசெய்துவிடும். மற்றொன்று வோல்டேஜ். இதற்கு அந்தச் சலுகை கிடையாது. வோல்டேஜைத் தாங்கிப் பிடிப்பது ரியாக்டிவ் பவர், அதாவது விளக்கெரிக்காமல் தடத்துக்கும் மெஷினுக்கும் இடையே முன்னும் பின்னும் ஊசலாடும் பகுதி. அதைத் தொலைவிலிருந்து அனுப்பினால் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துபோகும். நீளமான குழாயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தெரியும், தொட்டி நிறைய நீர் இருந்தாலும் தன் குழாயில் வேகம் இருக்காது என்று. அந்த வீட்டின் பக்கத்திலேயே ஒரு பம்பு வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெனரேட்டர்தான் அந்தப் பம்பு. அதை மூடிவிட்டு யூனிட்டை மட்டும் வெளியிலிருந்து வாங்கினால் யூனிட் வரும், வோல்டேஜ் வராது.

இது ஏதோ பாடப்புத்தகப் பயம் என்று நினைக்க வேண்டாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் எட்டு மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் இருண்டன. சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரக்கிளையில் உயர் அழுத்தக் கம்பி உரசியதையும், கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செத்துக் கிடந்ததையும்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே மதியம் ஒன்றரை மணிக்கு, ஒஹாயோவின் ஏரிக்கரையில் இருக்கும் ஈஸ்ட்லேக் நிலையத்தின் 5ஆவது மெஷின் டிரிப் ஆகியிருந்தது. கிளீவ்லாந்து பக்கம் வோல்டேஜ் சரிந்துகொண்டிருந்ததால் அந்த மெஷினிலிருந்து இன்னும் கொஞ்சம் ரியாக்டிவ் பவரைப் பிழிந்தெடுக்கப் பார்த்தார்கள். அது தாங்கவில்லை. மாலை நான்கேகாலுக்குள் கதை முடிந்தது. யூனிட்டுக்கு அன்று பஞ்சமே இல்லை.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் நடந்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே வோல்டேஜ் குறையவில்லை, ஏறியது. நண்பகல் தாண்டி அரைமணி நேரத்தில், ஏறிய வோல்டேஜைத் தாங்காமல் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. சில நொடிகளில் தீபகற்பமே இருட்டு. ஸ்பெயின் அரசின் அறிக்கையில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வோல்டேஜைக் கட்டுப்படுத்துவதற்காக அன்று ஓட வேண்டியிருந்த அனல், அணு போன்ற மரபு நிலையங்களில் ஒன்று, முந்தைய நாளே தன்னால் வர இயலாது என்று சொல்லிவிட்டதாம். அதற்குப் பதிலாக வேறொன்றை ஏற்பாடு செய்யவில்லை. விலைச் சந்தையில் அந்த ஒரு நிலையம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உடனே சூரிய மின்சாரத்தைத் திட்டக் கிளம்பியவர்களும் அவசரப்பட்டார்கள். அந்தச் சூரிய நிலையங்களை வோல்டேஜ் கட்டுப்பாட்டில் பங்கெடுக்கும்படி விதிகள் கேட்கவே இல்லை. கேட்காத வேலையை யார் செய்வார்கள்?

சரி, இருண்ட பிறகு என்ன? கட்டுரையாளர் தொடாத இடம் இதுதான், எனக்கு மிக நன்றாகத் தெரிந்த இடமும் இதுதான்.

அனல் மின்நிலையம் தானாக எழுந்து நிற்காது. கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பு, காற்றை ஊதும் விசிறி, நிலக்கரி அரைக்கும் ஆலை என எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. மின்சாரம் தயாரிக்க அதற்கே முதலில் மின்சாரம் வேண்டும், அதுவும் மெகாவாட் கணக்கில். தொகுப்பு முழுக்க இருண்டுவிட்டால் வெளியுதவி இல்லாமல் கிளம்பக்கூடியவை மிகச் சில. நீர்மின் நிலையம், சில எரிவாயு டர்பைன்கள், இப்போது சில பெரிய பேட்டரிகள், அவ்வளவுதான். இதைத்தான் பிளாக் ஸ்டார்ட் என்கிறோம்.

நாங்கள் ஒத்திகை பார்ப்பது இரவு ஷிப்டில், லோடு குறைந்திருக்கும்போது. நிலையத்தை வெளித்தொகுப்பிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிடுவோம். மெஷின் ஹாலில் அவசர விளக்கு மட்டும் எரியும். மெஷினின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி பிடிக்கவே பிடிக்காது. நம்பிக்கை முழுவதும் பேட்டரி ரூம் மேலேதான். பாதுகாப்பு ரிலேக்கள், கட்டுப்பாடு, பிரேக்கரை மூடும் சுருள், எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சப்ளை. மெஷினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எண்ணெய்த் தொட்டியில் அழுத்தம், டர்பைனுக்கு நீர் விடும் கதவான கைடு வேனை ஒரு சில முறை திறந்து மூடும் அளவுக்குத்தான் இருக்கும். வீணாக்கினால் அவ்வளவுதான். வேனைக் கொஞ்சம் திறந்தால் நீர் பாயும் ஓசை முதலில் தரை வழியாகக் காலுக்குத் தெரியும், பிறகுதான் காதுக்கு. ரோட்டர் மெல்லச் சுழன்று வேகம் பிடித்ததும், பேட்டரியிலிருந்து காந்தச் சுருளுக்கு ஒரு கணம் மின்சாரம் கொடுப்போம். வோல்ட்மீட்டர் முள் படுத்த இடத்திலிருந்து எழும்.

அதுவரை சுலபம். அடுத்து அந்த மின்சாரத்தை உயிரற்ற தடத்தில் ஏற்ற வேண்டும். லோடு இல்லாத நீளமான தடத்துக்குக் கடைசி முனையில் வோல்டேஜ் ஏறும் குணம் உண்டு. அதனால் குறைந்த வோல்டேஜில் தொடங்கி, பக்கத்து சப்ஸ்டேஷனை எழுப்பி, பிறகு ஃபீடர் ஃபீடராக, அதாவது ஊருக்குப் பிரித்துத் தரும் தடங்களில் ஒவ்வொன்றாக, லோடு எடுக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டுவார்கள். வெகுநேரம் அணைந்து கிடந்த ஃபீடரில் எல்லா மோட்டாரும் எல்லாக் குளிர்ப்பெட்டியும் ஒரே நேரத்தில் இழுக்கும், வழக்கமான லோடைவிட மிக அதிகமாக. சிறிய மெஷின் அதைச் சுமக்க முடியாமல் ஃப்ரீக்வென்சி சரிந்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எங்கள் மூத்த ஆபரேட்டர் ஒருவர், வயதில் என்னைவிட மிகப் பெரியவர், அப்படி ஒரு தருணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், முள்ளு இன்னும் ஆடுது பாருங்க. அது உட்காரட்டும், அப்புறம் அடுத்ததை எடுங்க" என்றார். எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு சின்ன நிலையம் எழுந்து, வழியில் உள்ள சப்ஸ்டேஷன்களை எழுப்பி, கடைசியில் பெரிய அனல் நிலையத்தின் பம்புகளுக்கு மின்சாரம் கொடுத்தால்தான் அது எழும். அதற்கே பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் மருத்துவமனை, ரயில், குடிநீர் என்று தொலைபேசிகள் கத்திக்கொண்டே இருக்கும். 2025இல் போர்ச்சுக்கல் எழுந்ததும் இப்படித்தான். கஸ்தெலோ டி போட் என்ற நீர்மின் நிலையமும், தபாடா டோ ஓட்டெய்ரோ என்ற எரிவாயு நிலையமும்தான் தாமாக எழுந்து மற்றவற்றை எழுப்பின. நாட்டுக்கே இரண்டுதான். பட்ட பிறகு அந்த அரசு பட்டியலில் இன்னும் இரண்டு நிலையங்களைச் சேர்க்க முடிவு செய்தது.

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. 2012 ஜூலை 30 அதிகாலை வடமண்டலம் விழுந்தது. மறுநாள் பகலில் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பரப்பு. ரயில்கள் பாதி வழியில் நின்றன, கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கிக்கொண்டார்கள். ஆனால் கொல்கத்தா நகரின் பெரும்பகுதியில் விளக்கு எரிந்தது. 1899இலிருந்து அந்த நகருக்கு மின்சாரம் தரும் நிறுவனம் சொந்தமாக நகரை ஒட்டியே மின்நிலையங்கள் வைத்திருக்கிறது. கிழக்குத் தொகுப்பு சரிந்த நொடியில் அது தனியே கழன்று, ஒரு தீவாக நின்று ஓடியது. ஐலண்டிங் என்பார்கள். தென்மண்டலம் தப்பியதற்கு வேறு காரணம். அப்போது அது மற்ற மண்டலங்களோடு நேர்மின்தடம் வழியாக மட்டுமே இணைந்திருந்தது, ஒரு பக்கத்து ஃப்ரீக்வென்சி சரிவு அதைத் தாண்டி வராது. இன்று அந்தத் தனிமை நமக்கு இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளூரில் நிலையம் இருந்தாலே போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. டெக்சாஸ் மாநிலம் பெரும்பாலும் தனித்தொகுப்பாக இருப்பதில் பெருமை கொண்டது. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் அதன் எரிவாயுக் குழாய்களும் நிலையங்களும் உறைந்தன. வாங்கிக்கொள்ள வெளி இணைப்பும் போதவில்லை. இன்னும் 4 நிமிடம் 37 நொடி அப்படியே போயிருந்தால் மொத்தத் தொகுப்பும் விழுந்திருக்கும் என்று அதை நடத்தும் அமைப்பே பின்னர் சொன்னது. அதே மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள எல் பாசோ நகரம் மேற்குத் தொகுப்போடு இணைந்திருந்ததால் பெரிய சேதமில்லாமல் தப்பியது. ஆக, வெளிக் கயிறும் வேண்டும், சொந்தக் காலும் வேண்டும்.

சொந்தக் கால் காகிதத்தில் மட்டும் இருந்தாலும் உதவாது. 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் தென் ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. பிளாக் ஸ்டார்ட் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்த இரண்டு நிலையங்களுமே அன்று ஒப்பந்தப்படி செய்து தரவில்லை. பக்கத்து மாநிலமான விக்டோரியாவின் தடம் வழியாகத்தான் எழுந்தார்கள். மும்பையிலும் தீவாகப் பிரிந்து நிற்கும் ஏற்பாடு 1981 முதலே உண்டு. 2020 அக்டோபர் 12 காலை அது கைகொடுக்கவில்லை, புறநகர் ரயில்கள் தண்டவாளத்திலேயே நின்றன.

இனி, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? பழைய மின்வாரியங்களில் உற்பத்தி, கடத்தல், விநியோகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அவற்றின் கடனையும் கோப்பு நகரும் வேகத்தையும் நானறிவேன், புகழ்ந்து பாட மாட்டேன். ஆனால் ஒரு நிலையத்தை நிறுத்தினால் எந்த சப்ஸ்டேஷனில் வோல்டேஜ் இறங்கும் என்று கேட்கும் ஆளும், அதற்குப் பதில் சொல்லும் ஆளும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு பல மாநிலங்களில் மூன்றும் தனித்தனி நிறுவனங்கள். உற்பத்தி நிறுவனத்துக்கு யூனிட் விற்றால் வருமானம். விநியோக நிறுவனத்துக்கு யூனிட் மலிவாக வாங்கினால் லாபம். நடுவில் தடம் வைத்திருப்பவர், தடம் சரியாக இருந்தால் தன் வேலை முடிந்தது என்கிறார். வோல்டேஜும் இருளிலிருந்து எழும் திறனும் மூவருக்கும் பொது. பொதுச்சொத்தின் கதி நமக்குத் தெரிந்ததுதானே.

ஒரு சிறிய நிலையத்தைத் தொடர்வதா விடுவதா என்று நடந்த கூட்டமொன்றில் நானும் இருந்தேன். திரையில் ஓர் அட்டவணை. எம் நிலையத்தின் யூனிட் விலை ஒரு கட்டத்தில், வெளியில் வாங்கும் விலை அடுத்த கட்டத்தில், வித்தியாசம் சிவப்பு எழுத்தில். "பிளாக் ஸ்டார்ட் எந்தக் கட்டத்தில் வருகிறது?" என்று கேட்டேன். நிதிப்பிரிவு அதிகாரி நல்ல மனிதர், கிண்டலாகச் சொல்லவில்லை. "அதுக்குத் தனி ஹெட் இல்லையே சார்" என்றார், கணக்கில் அதற்கென்று தலைப்பே இல்லை என்று. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

மூடவே கூடாது என்று நான் வாதாடவில்லை. நிலக்கரி நிலையங்களை மூடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, மூடும் விதம்தான் முக்கியம். ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தை 2011இல் நிறுத்திய பின், அதன் ஒரு ஜெனரேட்டரைக் கழற்றி எறியவில்லை. எரிபொருள் இல்லாமல் சும்மா சுழன்று வோல்டேஜை மட்டும் தாங்கும் இயந்திரமாக 2012இல் மாற்றிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையம் நின்றபோது, பக்கத்தில் ஹன்டிங்டன் பீச்சில் ஓய்வுபெற்றிருந்த இரண்டு மெஷின்களை 2013இல் அதே வேலைக்கு அழைத்தார்கள். தென் ஆஸ்திரேலியாவும் பட்ட அடிக்குப் பிறகு பெரிய பேட்டரியையும், அதற்கடுத்து இப்படிச் சுழலும் இயந்திரங்கள் நான்கையும் வைத்துக்கொண்டது. சூரிய மின்சாரத்தையும் பேட்டரி மின்சாரத்தையும் மாறுமின்சாரமாக்கும் இன்றைய நவீன இன்வெர்ட்டர்களால் இருண்ட தொகுப்பைத் தாமே எழுப்பவும் முடியும், அப்படி வடிவமைத்து வாங்கினால். டெண்டரில் அந்த வரி இல்லையென்றால் மலிவானதுதான் வரும், அது தொகுப்பு விழுந்ததும் தானும் படுத்துக்கொள்ளும்.

ஆகவே ஒழுங்குமுறை ஆணையங்கள் ஒரு வேலை செய்யலாம். எந்த நிறுவனமாவது ஒரு மண்டலத்தின் மின்நிலையத்தை மூட அனுமதி கேட்டால், அந்த மண்டலத்தின் வோல்டேஜை இனி எது தாங்கும், இருண்டால் முதலில் எது எழும், அங்கிருந்து எந்தத் தடம் வழியாக எந்தப் பெரிய நிலையத்துக்குப் போகும் என்று எழுதி வாங்கட்டும். அந்தச் சேவைக்கு யூனிட் விலையோடு கலக்காமல் தனியாகப் பணம் கொடுக்கட்டும். பணம் வாங்கியவர் ஒத்திகையில் எழுந்து காட்டட்டும். ஒத்திகை நடத்தச் சொல்லி நம் மின்தொகுப்பு விதிகளே சொல்கின்றன, புதிதாகச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் போதும்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது மின்நிலையத்தை மூடும் செய்தி வந்தால், யூனிட் விலையோடு இன்னொன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: அந்தப் பகுதியில் கடைசி பிளாக் ஸ்டார்ட் ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது, மெஷின் முதல் முயற்சியிலேயே எழுந்ததா? பதில் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அதையும் செய்தியாகவே போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்மின் நிலையப் பொறியாளர் ஒருவர்